நின்ற இதயங்களின் கணக்கேடு

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலின் பொருட்டுப் பல மாடிக் கட்டடம் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். கீழ்த்தளத்துச் சுவரில் கண்ணாடிக் கதவுடைய சிறு பெட்டி ஒன்று மாட்டப்பட்டிருந்தது. அதற்கு மேலிருந்த பச்சை நிறப் பலகையில் இதயத்தின் வடிவமும், அதன் நடுவே ஒரு மின்னல் கீற்றும் வரையப்பட்டிருந்தன. திடீரென இதயம் நின்றுவிட்டவரை மின்னதிர்ச்சியால் மீட்கும் டிஃபிபிரிலேட்டர் என்னும் கருவி அதனுள் இருக்க வேண்டும். ஆனால் பெட்டி வெறுமையாக இருந்தது. வாயிற்காவலரைக் கேட்டோம். "திருட்டுப் போயிடும்னு மேனேஜர் ஐயா தன் ரூம்ல வச்சுப் பூட்டியிருக்காருங்க" என்றார். ஐயா எப்போது வருவார் என்றோம். "திங்கக்கிழமைதாங்க" என்றார். அன்று சனிக்கிழமை. பெட்டியின் பக்கவாட்டில், மாதந்தோறும் சோதித்தவர் கையொப்பமிட வேண்டிய அட்டை ஒன்று நூலில் தொங்கியது. முதல் இரண்டு கட்டங்களில் கையொப்பம் இருந்தது. மற்றவை வெறுமையாகக் கிடந்தன.

அந்தக் காவலர்மீது நமக்குக் குறையில்லை. மேலாளர்மீதும் பெரிய குறை சொல்வதற்கில்லை. விலையுயர்ந்த பொருளைப் பூட்டி வைப்பது பொறுப்புள்ள மனிதர் எவரும் செய்வதே. ஆயினும் அந்த வெறும் அட்டை நம் மனத்தைவிட்டு அகலவில்லை. இக்கருவியின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தூண்டியது அதுவே. படிக்கப் படிக்க நமக்கு ஒன்று தெளிவாயிற்று. நின்ற இதயங்களை மீட்ட வரலாற்றில் கருவி செய்தவர்களின் பங்கு பாதிதான். மறு பாதி, எழுதி வைத்தவர்களுடையது.

முதலில் ஒரு சொல் விளக்கம். மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோதல் வேறு. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபடுவது மாரடைப்பு. அந்நிலையில் மனிதர் பெரும்பாலும் நினைவோடு இருப்பார், வலியைச் சொல்வார். இதயம் நின்றுபோதலில் அவர் பேச்சுமூச்சற்றுச் சாய்கின்றார். இத்தகைய வீழ்ச்சிகள் பலவற்றில் இதயம் உடனே அசைவற்றுப் போவதில்லை. வென்ட்ரிகுலர் ஃபிபிரிலேஷன் என்று மருத்துவர் கூறும் நிலையில், அதன் கீழறைகளின் தசை நார்கள் ஒன்றோடொன்று ஒத்திசையாமல் தத்தம் போக்கில் நடுங்குகின்றன, இரத்தம் வெளியேறுவதில்லை. அப்போது தரப்படும் மின்னதிர்ச்சி, பலரும் எண்ணுவதுபோல, இதயத்தை ஓட்டுவதற்கு அன்று. அந்தக் குழப்ப நடுக்கத்தை ஒரு கணம் முற்றிலும் அடக்குவதற்கே. அடங்கிய கணத்தில் இதயத்தின் இயல்பான தாளம் மீண்டும் தலையெடுக்கக் கூடும். மார்பை அழுத்தி இரத்தத்தை ஓட்டுவார் எவருமில்லையேல், கடந்துபோகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடுவரை குறைக்கின்றது. ஆகவே இது நிமிடங்களின் வரலாறு. நிமிடங்களை எவரேனும் எழுதி வைக்காவிடில் இவ்வரலாற்றில் எதையும் அறிய இயலாது.

மனித இதயம் ஒன்றை முதன்முதலில் மின்னதிர்ச்சியால் மீட்டவர் கிளீவ்லாந்து நகரத்து அறுவை மருத்துவர் கிளாட் பெக். ஆண்டு 1947. 14 வயதுச் சிறுவனுக்கு மார்பில் அறுவை முடிந்து, தைக்கும் வேளையில் இதயம் நடுங்கத் தொடங்கியது. மார்பை மீண்டும் திறந்து, இதயத்தைக் கையால் பிசைந்துகொண்டே, தாம் ஆய்வகத்தில் வைத்திருந்த கருவியை வரவழைத்து அதிர்ச்சி கொடுத்தார். சிறுவன் பிழைத்தான். 1956இல் பாஸ்டன் நகரத்துப் பால் ஸோல், மார்பைத் திறவாமலே வெளியிலிருந்து அதிர்ச்சி தரலாம் என்று காட்டினார். 1960இல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கூவன்ஹோவன், நிக்கர்பாக்கர், ஜூட் ஆகிய மூவரும், கையால் மார்பெலும்பை அழுத்தியே இரத்தத்தை ஓட்டலாம் என்று எழுதினர். கூவன்ஹோவன் மருத்துவரல்லர், மின்பொறியாளர். மின்கம்பி வேலையில் தொழிலாளர் மாள்வதைத் தடுக்கும் வழி தேடியே அவர் இத்துறைக்குள் வந்தார். நாய் ஒன்றின் மார்பில் கனமான மின்தகடுகளை அழுத்தியபோது, மின்சாரம் பாய்வதற்கு முன்பே இரத்த அழுத்தம் சற்று உயர்வதை நிக்கர்பாக்கர் பதிவுக் கருவியில் கண்டார். பிறர் கண்டும் காணாது விட்டிருக்கக்கூடிய ஒரு சிறு மேடு அது. அவர்கள் வெளியிட்ட முதல் கட்டுரையில் 20 நோயாளரின் கணக்கு இருந்தது. அவர்களுள் 14 பேர் பிழைத்தனர்.

ஆயினும் இவை யாவும் மருத்துவமனைச் சுவர்களுக்குள்ளே நிகழ்ந்தவை. இதயம் நின்று இறப்போருள் பெரும்பாலோர் வீட்டிலும் தெருவிலும் அல்லவா இறக்கின்றனர்! இதைத் தாங்காத ஒருவர் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் இருந்தார். அவர் பெயர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ்.

அவருடைய வாழ்வில் தமிழர் அறிய வேண்டிய ஒரு பக்கம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படையின் மருத்துவராக இருந்த அவர், 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சப்பானியரிடம் சிறைப்பட்டு, சயாம் - பர்மா மரண இரயில் பாதைக்கு அனுப்பப்பட்டார். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் மாண்டது அதே பாதையில்தான். ஊட்டச் சத்தின்மையால் இதயத்தைத் தாக்கும் பெரிபெரி நோய்க்கு ஆளாகி, எலும்பும் தோலுமாக மீண்டார் பான்ட்ரிட்ஜ். அங்கே இறந்த போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியிலும் பிற இடங்களிலும் கல்லறைகள் உள்ளன; பெயர்ப் பட்டியல்கள் உள்ளன. நம் தோட்டத் தொழிலாளர் பெரும்பாலோருக்கோ பெயரை எழுதிய ஏடுகூட இல்லை. ஒரே காட்டில், ஒரே காய்ச்சலில் இறந்தவர்களுள் எழுதப்பட்டவர்கள் எண்ணப்பட்டனர். எழுதப்படாதவர்கள் இன்றுவரை 'ஏறத்தாழ' என்ற சொல்லுக்குள் கிடக்கின்றனர். நாம் எடுத்துக்கொண்ட பொருளிலிருந்து இது சற்று விலகியதுபோல் தோன்றலாம். ஆனால் கணக்கில் வராதவருக்காக எவரும் எதையும் செய்வதில்லை என்ற உண்மையை இதைவிடக் கொடிதாகக் காட்டும் இடம் நமக்குத் தெரியவில்லை.

நோயாளர் மருத்துவமனையை அடையுமுன் இறக்கின்றனர் எனில், மருத்துவமனை நோயாளரிடம் செல்ல வேண்டும் என்பது பான்ட்ரிட்ஜின் முடிவு. 1965இல் மகிழுந்து மின்கலங்களைக் கொண்டு இயங்கும் அதிர்ச்சிக் கருவி ஒன்றை அமைத்தார். அதன் எடை 70 கிலோ. 1966 சனவரியில் அக்கருவியோடும் மருத்துவரோடும் அவருடைய ஊர்தி பெல்ஃபாஸ்ட் தெருக்களில் ஓடத் தொடங்கியது. 1967இல் லான்செட் இதழில் அவரும் கெடிஸும் எழுதிய கட்டுரையில், ஊர்திக் குழுவினர் உடனிருந்தபோது இதயம் நின்ற 10 பேரைப் பற்றிய செய்தி வந்தது. பத்துப் பேரும் உயிரோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 5 பேர் நலம்பெற்று வீடு திரும்பினர். எண் சிறியது, ஆனால் அது உலகின் மருத்துவரை அசைத்தது. அடுத்த ஆண்டே நியூயார்க் நகரில், பிறரன்புச் சகோதரிகள் நிறுவிய புனித வின்சென்ட் மருத்துவமனையிலிருந்து இத்தகைய ஊர்தி புறப்பட்டது.

இனி அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சியாட்டில் நகருக்கு வருவோம். நம் பொருளின் வேர் அங்கேதான் இருக்கின்றது. லெனார்ட் காப் என்ற இதய மருத்துவர் பெல்ஃபாஸ்ட் செய்தியைப் படித்தார். நகரத் தீயணைப்புத் துறையின் தலைவர் கார்டன் விக்கரியை நாடினார். தீயணைப்பாளர் ஏற்கனவே முதலுதவிக்குச் சென்றுகொண்டிருந்தனர் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் சுவையானது. அந்தத் துறை, தான் சென்ற ஒவ்வொரு முதலுதவி அழைப்பையும் படிவத்தில் நிரப்பிக் கணிப்பொறியில் ஏற்றி வைத்திருந்தது. அந்நாளில் அந்நாட்டில் அதற்கு நிகரான பதிவு முறை அரிது. எங்கே அழைப்பு, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடத்தில் சென்று சேர்ந்தனர் என்பதெல்லாம் ஆங்கே எழுத்தில் இருந்தன. ஊர்தியை ஓட்டிவிட்டால் போதாது, அது உயிர் காத்ததா இல்லையா என்பதை மெய்ப்பிக்கவும் வேண்டும். அதற்கான கணக்கேடு இங்கே காத்திருக்கின்றது என்பதைக் காப் உணர்ந்தார். 1970 மார்ச்சில் 'மெடிக் ஒன்' என்ற பெயரில் அவ்வூர்தி ஓடத் தொடங்கியது. விரைவில் அதில் மருத்துவருக்குப் பதிலாகப் பயிற்சி பெற்ற தீயணைப்பாளரே சென்றனர்.

சியாட்டிலைச் சூழ்ந்த கிங் மாவட்டத்தில் 1976 முதல் மிக்கி ஐசன்பெர்க் என்ற மருத்துவரும் அவர் தோழர்களும், மருத்துவமனைக்கு வெளியே நின்ற ஒவ்வோர் இதயத்தையும் பதிந்து வரலாயினர். பதிவு வளர வளர, அது கேள்விகளைத் தானே எழுப்பத் தொடங்கியது. உயர் பயிற்சி பெற்றோர் வந்து சேருமுன், அருகிலுள்ள நிலையத்துச் சாதாரணத் தீயணைப்பாளர் சில நிமிடம் முந்தியே அங்கு நிற்பதை ஏடு காட்டியது. அப்படியெனில் அதிர்ச்சிக் கருவியை அவர்கள் கையில் ஏன் தரக்கூடாது? மருத்துவ உலகில் எதிர்ப்பு எழாமலில்லை. ஆனால் கொடுத்துப் பார்த்தனர். பிழைத்தோர் தொகை கூடியதை 1980இல் எண்களோடு வெளியிட்டனர். அழைப்பு நிலையத்து ஒலிநாடாக்களைக் கேட்டபோது வேறொன்று புலப்பட்டது. அழைத்தவர் தொலைபேசியைப் பிடித்தபடி, செய்வதறியாது பல நிமிடம் வாளா நிற்கின்றார். அந்த நிமிடங்களில் மார்பை எப்படி அழுத்துவது என்று தொலைபேசி வழியே சொல்லிக் கொடுக்கும் வழக்கம் 1980களின் தொடக்கத்தில் இவ்வாறு பிறந்தது. யாரும் ஞானக்கண்ணால் கண்டறிந்ததன்று இது. நாடாவை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, நொடிகளை எழுதியவர்கள் கண்டது.

இதற்கிடையில் கருவியும் சிறுத்து, தானாகவே முடிவெடுக்கக் கற்றுக்கொண்டிருந்தது. ஒரேகான் மாநிலத்து மருத்துவர் ஆர்ச் டையாக்கும் தோழரும் 1970களின் பிற்பகுதியில், இதயத் தாளத்தைத் தானே ஆராய்ந்து அதிர்ச்சி தரும் கருவியை அமைத்தனர். பின்னர் வந்தவற்றில் ஒலிநாடாப் பெட்டி ஒன்றும் சேர்க்கப்பட்டது. இதயத்தின் மின்வரைவும் சுற்றிலும் நின்றோரின் குரல்களும் அதில் பதிவாயின. இன்றைய மென்பொருள்களின் பாட்டன் அந்த ஒலிநாடாவே எனலாம்.

ஒவ்வொரு நகரமும் இப்போது தன் கணக்கை வெளியிடத் தொடங்கியது, குழப்பமும் தொடங்கியது. 29 இடங்களின் கணக்கை ஐசன்பெர்க்கும் தோழரும் ஒப்பிட்டு 1990இல் ஒரு கட்டுரை எழுதினர். ஓரிடத்தில் நூற்றுக்கு 2 பேர் பிழைத்தனர். வேறோரிடத்தில் 25 பேர். அடுத்த ஆண்டு சிகாகோ நகரத்தின் கணக்கு வெளிவந்தது. 3221 பேரின் இதயம் நின்றது. பிழைத்து வீடு திரும்பியோர் நூற்றுக்கு 2 பேர் மட்டுமே. பிழைத்தவர்கள் எங்கே என்ற வினாவையே அக்கட்டுரையின் தலைப்பில் வைத்தனர். தன் ஊரின் தோல்வியை இவ்வளவு வெளிப்படையாக எழுதுவதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும். நாம் இவ்வரலாற்றில் மிக மதிப்பது, 25 என்று எழுதிய ஊரைவிட, 2 என்று எழுதிய ஊரைத்தான்.

ஆனால் அந்த 2க்கும் 25க்கும் இடையே இருந்த தொலைவில் எவ்வளவு மெய், எவ்வளவு எண்ணும் முறையின் வேறுபாடு? ஓர் ஊர் விழுந்தோர் அனைவரையும் எண்ணியது. மற்றோர் ஊர் பிறர் கண்முன் விழுந்தவரை மட்டும் எண்ணியது. ஓரிடத்தில் கடிகாரம் தொலைபேசி ஒலித்ததும் ஓடத் தொடங்கியது. வேறிடத்தில் ஊர்தியின் சக்கரம் உருண்ட பின்னரே. 'காப்பாற்றப்பட்டார்' என்ற சொல் ஓரிடத்தில் நாடி திரும்பியதைக் குறித்தது. வேறிடத்தில் வீடு திரும்பியதை. ஒரே மொழியில் பேசுவதுபோல் தோன்றிய மருத்துவர் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளவில்லை. பாபேல் கோபுரத்தின் நினைவு நமக்கு வருகின்றது.

இக்குழப்பத்தைத் தீர்க்க மருத்துவர் கூடிய இடம், நம் வாசகர் மகிழத்தக்க ஒன்று. நார்வே நாட்டின் ஸ்தவாங்கர் நகருக்கு அருகே, கடற்கழிகளால் சூழப்பட்ட தீவில் உட்ஸ்டைன் துறவு மடம் உள்ளது. 13ஆம் நூற்றாண்டில் அரசன் மாக்னுஸ் காலத்தில் புனித அகுஸ்தினார் சபைத் துறவியர் அங்கே குடியேறினர். 16ஆம் நூற்றாண்டுச் சமயப் பிரிவினையில் மடம் கலைக்கப்பட்டது. ஆயினும் அந்நாட்டின் இடைக்கால மடங்களுள் நன்கு எஞ்சி நிற்பது அதுவே. அது புனித லாரன்சுக்கு நேர்ந்தளிக்கப்பட்டது. உரோமைத் திருச்சபையின் உடைமைகளுக்குக் கணக்காளராயிருந்த அத்திருத்தொண்டரிடம், திருச்சபையின் செல்வத்தை ஒப்படைக்குமாறு அதிகாரி கேட்டபோது, அவர் நகரத்து ஏழைகளையும் ஊனமுற்றோரையும் அழைத்துவந்து நிறுத்தினார் என்பது மரபு வழிச் செய்தி. மனிதரையே செல்வமாக எண்ணிக் காட்டிய புனிதரின் மடத்தில், இறந்தோரையும் பிழைத்தோரையும் எண்ணும் முறையை வகுக்க மருத்துவர் கூடியது தற்செயலே. அந்தத் தற்செயல் நமக்குப் பிடித்திருக்கின்றது.

கூட்டத்தைக் கூட்டியது லார்டால் அறக்கட்டளை. ஓஸ்மண்ட் லார்டால் ஸ்தவாங்கரில் பொம்மை செய்து விற்றவர். நீரில் மூழ்கிய தம் மகனைச் சாவின் விளிம்பிலிருந்து மீட்ட தந்தை அவர். 1960இல், மூச்சூட்டிப் பழகுவதற்கென மனித உருவிலான ஒரு பொம்மையைச் செய்தார். பாரிஸ் நகரின் சேன் ஆற்றில் கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் பெயரறியாப் பெண்ணின் முகவார்ப்பே அதன் முகம். உலகெங்கும் கோடிக்கணக்கானோர் அந்த முகத்தில் பயிற்சி பெற்றுள்ளனர்.

1990 சூன் மாதம் உட்ஸ்டைனில் முதற்கூட்டமும், அதே ஆண்டு திசம்பரில் இங்கிலாந்தின் பிரைட்டனில் இரண்டாம் கூட்டமும் நடைபெற்றன. சியாட்டிலின் ரிச்சர்ட் கம்மின்ஸ், பிரைட்டனின் டக்ளஸ் சேம்பர்லேன் முதலியோர் எழுதிய அறிக்கை 1991இல் வெளியாயிற்று. 'உட்ஸ்டைன் முறை' என்று மருத்துவ உலகம் இன்றும் அதை அழைக்கின்றது. அதில் கருவியைப் பற்றிய புதுமை ஏதுமில்லை. எவரை எண்ணுவது, எதை எந்தப் பெயரால் அழைப்பது என்பது மட்டுமே. விழுந்ததைக் கண்டவர் உண்டா? அருகிலிருந்தோர் மார்பை அழுத்தினரா? முதலில் கண்ட இதயத் தாளம் எது? நாடி திரும்பியதா? மருத்துவமனையில் சேர்ந்தாரா? உயிரோடு வெளியேறினாரா? ஓராண்டுக்குப் பின்னும் உயிரோடு உள்ளாரா? மேலிருந்து கீழாக ஒவ்வொரு படியிலும் எண் சுருங்கிக்கொண்டே வரும். கடைசிக் கட்டத்து எண்ணைப் படிப்பதற்குச் சற்றே மனத்திடம் தேவைப்படும்.

நான்கு கடிகாரங்களைப் பற்றியும் அவ்வறிக்கை பேசியது: விழுந்தவரின் கடிகாரம், அழைப்பு நிலையத்தின் கடிகாரம், ஊர்தியின் கடிகாரம், மருத்துவமனையின் கடிகாரம். நான்கும் ஒரே நேரம் காட்டுவதில்லை. அதிர்ச்சிக் கருவியினுள்ளும் ஒரு கடிகாரம் வந்தபின் சிக்கல் ஐந்தாயிற்று. அழைப்பு வருவதற்கு இரண்டு நிமிடம் முன்பே அதிர்ச்சி தரப்பட்டதாக ஏட்டில் காணும். நடந்திருக்க முடியாத செய்தி. இவற்றையெல்லாம் ஒரே நேரத்துக்குக் கொண்டுவருவது, இன்றும் இத்துறை மென்பொருள்கள் செய்யும் வேலைகளுள் முதன்மையானது. வெளியார் கண்ணுக்கு அது அற்பமாகத் தோன்றும். மூன்று நிமிடத்தில் உயிர் போகும் இடத்தில் இரண்டு நிமிடப் பிழை அற்பமன்று.

இதன் பிறகு கருவிகள் பொது இடங்களுக்கு வந்தன. குவாண்டாஸ் நிறுவனம் 1991இலும், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1997இலும் தம் விமானங்களில் அவற்றை வைத்தன. அடுத்த சான்று வந்த இடத்தைக் கேட்டு வாசகர் முகம் சுளிக்கலாம். அது சூதாட்ட விடுதி. அவ்விடுதிகளின் காவலர் கையில் கருவியைக் கொடுத்து வாலன்சுவேலாவும் தோழரும் செய்த ஆய்வு 2000இல் வெளியாயிற்று. இதய நடுக்கத்தோடு விழுந்த 105 பேருள் 56 பேர் பிழைத்தனர். மூன்று நிமிடத்துக்குள் அதிர்ச்சி பெற்றவருள் நூற்றுக்கு 74 பேர். அதற்குப் பின் பெற்றவருள் 49 பேர். அந்த மூன்று நிமிடத்தை இவ்வளவு துல்லியமாக அறிந்தது எப்படி? பணத்தைக் காக்கும் பொருட்டுப் படப்பிடிக் கருவிகள் அங்கே இமைக்காமல் விழித்திருந்தன. ஏமாற்றுவோரைப் பிடிக்க வைத்த கண், விழுந்தவரின் நொடியைப் பதிந்து வைத்தது. பணத்தைக் கண்காணித்த கருத்தோடு மனிதரையும் கண்காணித்தால் என்ன நிகழும் என்பதற்கு இதைவிடக் கூரிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

நூற்றுக்கு 2 என்று எழுதிய அதே சிகாகோவும் சும்மா இருந்துவிடவில்லை. 1999இல் தன் விமான நிலையங்களில் நடந்துசெல்லும் தொலைவுக்கு ஒன்றாகக் கருவிகளை மாட்டியது. இரண்டு ஆண்டுகளில் இதய நடுக்கத்தோடு விழுந்த 18 பேருள் 11 பேர் மீட்கப்பட்டனர். மீட்டவர்களுள் பலர் வழியே சென்ற பயணியர். அக்கருவியை அதற்குமுன் தொட்டறியாதவரும் அவர்களுள் இருந்தனர்.

சப்பான் 2004இல் பொதுமக்கள் அக்கருவியைப் பயன்படுத்த வழிவிட்டது. அடுத்த ஆண்டு முதல் நாடு முழுவதிலும் உட்ஸ்டைன் முறையில் பதிவு தொடங்கிற்று. அமெரிக்காவில் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகமும் 2004இல் 'கேர்ஸ்' என்ற பதிவேட்டைத் தொடங்கின. அழைப்பு நிலையம், ஊர்தி, மருத்துவமனை ஆகிய மூன்றிலும் சிதறிக் கிடந்த செய்திகளை ஒரே மனிதரின் வரலாறாக அது இணைக்கின்றது. இணைத்து முடித்ததும் அவருடைய பெயர் முதலிய அடையாளங்களை நீக்கிவிடுகின்றது. பெயரில்லாத ஏடு பரிவற்றது என்று சிலர் சொல்லலாம். நாம் அவ்வாறு எண்ணவில்லை. குடும்பத்தாரின் துயரத்தை ஊரறியச் செய்யாமலே அத்துயரத்திலிருந்து பிறர் கற்றுக்கொள்ள வழி அதுவே.

கருவிகள் பெருகியபோது வேறொரு கவலையும் பெருகியது. மருத்துவமனைக் கருவிக்கு நாள்தோறும் ஒரு செவிலியர் துணை உண்டு. சுவரில் தொங்கும் கருவிக்கு யார்? அதன் மின்கலம் சில ஆண்டுகளில் தளரும். மார்பில் ஒட்டும் தகடுகளின் பசை உலரும். கருவி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். குறை கண்டால் விளக்கை அணைத்து அல்லது ஒலியெழுப்பி அறிவிக்கும். ஆனால் அதைக் கேட்க ஆள் வேண்டும். அமெரிக்காவின் உணவு, மருந்துத் துறைக்கு 1993 முதல் 2008வரை வந்த முறையீடுகளை ஆராய்ந்தவர், அதிர்ச்சி தர முயன்று கருவி தவறி, நோயாளரும் இறந்த 1150 நிகழ்ச்சிகளைக் கண்டனர். அவற்றுள் நூற்றுக்கு 23 மின்கலம், மின்வழங்கல் பற்றியவை. ஏறத்தாழ அதே அளவு ஒட்டுத்தகடும் இணைப்பும் பற்றியவை. நுண்ணறிவு தேவைப்படும் பிழைகளல்ல இவை. தேதி பார்த்தால் பெரும்பகுதி தீரும்.

கருவி மேலாண்மை மென்பொருள் என்று இன்று விற்கப்படுவன செய்யும் வேலை இதுதான். ஒவ்வொரு கருவியும் எந்தக் கட்டடத்தில், எந்தச் சுவரில் உள்ளது, பொறுப்பாளர் யார், தகடும் மின்கலமும் எந்நாளில் காலாவதியாகும், கடைசியாகச் சோதித்தவர் யார், பயிற்சி பெற்றோர் எத்தனை பேர் என்பனவற்றை அது எழுதி வைக்கும், நாள் நெருங்கினால் நினைவூட்டும். புதிய கருவிகள் தம் உடல்நிலையைத் தாமே கம்பியில்லா வழியில் அறிவிக்கின்றன. பயன்படுத்திய பின் அதிலுள்ள மின்வரைவை எடுத்து மருத்துவருக்கு அனுப்பவும் வழியுண்டு. ஆயிரம் கருவியுள்ள நகராட்சிக்கு இது இன்றியமையாதது. ஒரே கருவியுள்ள பள்ளிக்கு இருபது ரூபாய்க் குறிப்பேடும், தவறாமல் எழுதும் ஒரு கையும் போதும். ஆண்டுக் கட்டணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

மென்பொருளால் மட்டுமே ஆகக்கூடிய ஒரு வேலையும் உண்டு. கலிபோர்னியாவின் சான் ரமோன் பள்ளத்தாக்கில் தீயணைப்புத் தலைவராயிருந்த ரிச்சர்ட் பிரைஸ் ஒருநாள் உணவகத்தில் அமர்ந்திருந்தார். தம் துறையின் ஊர்தியே ஒலியெழுப்பிக்கொண்டு வந்து பக்கத்துக் கடைமுன் நின்றது. உள்ளே ஒருவர் இதயம் நின்று கிடந்தார். பிரைஸ் பயிற்சி பெற்றவர். அதிர்ச்சிக் கருவியும் அவருடைய வண்டியிலேயே இருந்தது. ஒரு சுவருக்கு அப்பால் இருந்தவருக்குச் செய்தி எட்டவில்லை. அந்த வருத்தத்தில் பிறந்ததே பல்ஸ்பாயிண்ட் என்னும் கைப்பேசிச் செயலி. அருகிலிருப்போரை அழைத்து, கருவி இருக்கும் இடத்தையும் அது காட்டுகின்றது. ஸ்டாக்ஹோமில் இத்தகைய அழைப்பு முறையை முறைப்படி சோதித்து 2015இல் வெளியிட்டனர். தன்னார்வலரை அழைத்தபோது, ஊர்தி வருமுன் மார்பழுத்தம் பெற்றோர் நூற்றுக்கு 48இலிருந்து 62ஆக உயர்ந்தனர்.

எனினும் செயலி காட்டும் கருவி கைக்கு எட்ட வேண்டுமே. கோபன்ஹேகன் நகரில் இதை எண்ணிப் பார்த்தனர். பொது இடங்களில் 1994 முதல் 2011வரை இதயம் நின்ற 1864 பேரின் பதிவையும், நகரில் பதிவான 552 கருவிகளின் பட்டியலையும் அருகருகே வைத்தனர். நின்ற இதயங்களுள் நூற்றுக்கு 62 மாலையிலோ இரவிலோ வார இறுதியிலோ நின்றவை. எந்நேரமும் எடுக்கக்கூடிய கருவிகளோ 50 மட்டுமே. மற்றவை அலுவலகங்களுக்குள், பள்ளிகளுக்குள், பூட்டிய கதவுகளுக்குள். அலுவல் நேரத்துக்கு வெளியே, நூறு மீட்டருக்குள் கருவி இருந்தும் விழுந்தவர் 320 பேர். அவர்களுள் 171 பேருக்கு அந்தக் கதவு திறந்திருக்கவில்லை. 2013இல் வெளியான இக்கணக்கு, எத்தனை கருவி என்ற கேள்வியை எந்நேரத்தில் என்ற கேள்வியாக மாற்றிவிட்டது.

இதைப் படித்த இரவு, நாம் முன்னர்க் கண்ட கட்டடத்தின் மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினோம். கோபன்ஹேகன் எண்களை அதில் குறித்து, கருவியைப் பெட்டிக்குள் திரும்ப வைக்குமாறும், திருட்டுக்கு அஞ்சினால் கதவு திறந்தால் ஒலிக்கும் மணி ஒன்றைப் பொருத்துமாறும், மாதந்தோறும் அட்டையில் கையொப்பமிடும் பொறுப்பை இரவும் பகலும் அங்கிருக்கும் காவலரிடமே விடுமாறும் கேட்டிருந்தோம். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. மணிக்கு விலை விசாரித்து வருவதாகவும், அதுவரை அறைச் சாவியின் மறுபடி ஒன்றைக் காவலரிடம் கொடுத்திருப்பதாகவும் எழுதியிருந்தார்.